புயல் ஓய்ந்த மறுநாள் பனிமலையில்

காரைக்கால் வானொலி நேயர்களுக்கு வணக்கம். மார்கழி, தை வந்தால் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் இமயமலையிலுள்ள மணாலிக்கும் கேதார்காந்தாவுக்கும் மலையேறக் கிளம்புவது சகஜமாகிவிட்டது. அவர்களுக்கும், அனுப்பிவைக்கிற பெற்றோருக்கும்தான் இந்தப் பேச்சு.

நமக்குப் புயல் கரை கடந்து வெயில் அடித்துவிட்டால் மூச்சு வரும். பனிமலையில் அந்த வெயிலைத்தான் நம்பக் கூடாது. பனிப்புயல் ஓய்ந்த முதல் 24 மணி முதல் 48 மணி நேரம் வரை பனிச்சரிவுக்கு வாய்ப்பு மிக அதிகம். வானம் பளிச்சென்று இருக்கும். படம் எடுக்க ஆசை வரும். ஆனால் புதிதாக விழுந்த பாரம் அடியிலுள்ள பழைய பனியோடு இன்னும் ஒட்டியிருக்காது.

பனி அடுக்கடுக்காகக் கிடப்பது. தெளிவான கடுங்குளிர் இரவுகளில் தரையை ஒட்டிய பனி ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்க, மேற்பரப்பு மைனஸ் 15க்குக்கூட இறங்கிவிடும். அந்த வித்தியாசத்தில் நீராவி உள்ளுக்குள்ளேயே மேலேறி, பனித்துகளை அஸ்கா சர்க்கரை மாதிரி பரல்பரலாக ஆக்கிவிடும். கையில் அழுத்தினால் உருண்டை பிடிக்காது. இதன்மேல் காற்றில் இறுகிய ஒரு பாளம் உட்கார்ந்தால் போதும்: ஒருவர் மிதித்த இடத்தில் தொடங்கும் விரிசல் நொடியில் சரிவு முழுக்க ஓடி, பாளமே கழன்றுகொள்ளும்.

சாய்வைக் கண்ணால் அளக்க நமக்குப் பழக்கம் கிடையாது, ஊரே தட்டையாயிற்றே! இரண்டுக்கு ஒன்று என்று கட்டிய ஆற்றுக்கரை சுமார் 27 டிகிரி. அதைவிடச் சற்றே செங்குத்தானால், அதாவது 30 முதல் 45 டிகிரி வரை, பாளம் கழலும் சாய்வு. கைத்தடியைப் பனிமேல் கிடத்தி, அதன்மேல் செல்போனை வைத்து, சாய்வுமானி செயலியில் பாருங்கள். நீங்கள் சமதளத்தில் நின்றாலும் தலைக்குமேல் அப்படியொரு சாய்வு இருந்தால் ஆபத்து ஆபத்துதான்.

ஒரே நாளில் 30 சென்டிமீட்டர் புதுப்பனி விழுந்திருந்தால் எச்சரிக்கை வேண்டும். காற்றும் சேர்ந்தால் அதைவிடக் குறைவே போதும். முகட்டின் காற்றுப்படாத பக்கத்தில், வானத்திலிருந்து விழுந்ததைப்போலப் பல மடங்கு பனியைக் காற்றே கொண்டுவந்து குவித்துவிடும்.

மலையே காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் மூன்று. பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி சரிந்த தடம். காலடியில் "உம்ப்" என்று பனி உள்வாங்கும் சத்தம். பாதத்திலிருந்து ஓடும் விரிசல். ஒன்றைக் கண்டாலும் செங்குத்துச் சரிவுப் பக்கமே போகாதீர்கள், குழி தோண்டிச் சோதிக்கவும் வேண்டாம்.

அடையாளம் எதுவும் தெரியாவிட்டால்தான் சோதனை. நீங்கள் ஏறப்போகும் சரிவு பார்த்திருக்கும் அதே திசையைப் பார்த்த, பத்திரமான சின்னச் சரிவில் குழி தோண்டி, 30க்கு 30 சென்டிமீட்டர் தூணாகப் பனியை ரம்பத்தால் நான்கு பக்கமும் அறுத்துப் பிரிக்க வேண்டும். மேலே மண்வெட்டித் தகட்டை வைத்து, மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. எத்தனையாவது தட்டில் உடைந்தது என்பதோடு, எப்படி உடைந்தது என்பதையும் பாருங்கள். மேல்பாளம் வழுக்கிக்கொண்டு சட்டென்று விலகினால் கெட்ட சகுனம். உடையவில்லை என்பதை வைத்து ஏறலாம் என்று முடிவுகட்டக் கூடாது. இருபதடி தள்ளி அடுக்கு வேறாக இருக்கும். போகாதே என்று சொல்லத்தான் இந்தச் சோதனை உதவும்.

ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவுக்குச் சண்டிகரில் உள்ள டிஜிஆர்இ ஆய்வகம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைக் கிளம்புமுன் பாருங்கள். 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் திரௌபதி கா தண்டா சிகரத்தில் மலையேற்றப் பயிற்சிக் குழுவில் இருபதுக்கும் மேற்பட்டோர் பனிச்சரிவில் இறந்தார்கள். அது குளிர்காலம்கூட இல்லை.

கடந்தே ஆக வேண்டிய சரிவென்றால் ஒவ்வொருவராகப் போங்கள். மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று கண் எடுக்காமல் பார்க்கட்டும். புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி உடம்போடு, இயங்கிய நிலையில் இருக்க வேண்டும். பனிக்குள் குத்தித் தேடும் துழாவுகோலும் மண்வெட்டியும் ஒவ்வொருவர் பையிலும். புதைந்தவரைக் காப்பாற்றப் பெரும்பாலும் முதல் 15 நிமிடம்தான் உண்டு. அதற்குள் தோண்டியெடுக்கக் கூட இருப்பவர்களால்தான் முடியும். ஹெலிகாப்டர் வந்து சேராது.

"நேற்றே ஒரு குழு போன தடம் இருக்கிறது" என்று வழிகாட்டி சொன்னால் அதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான்கு பேரைத் தாங்கிய பாளம் ஐந்தாவது ஆளின் காலடியிலும் உடையும். சாய்வு எத்தனை டிகிரி, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று அவரிடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அன்றைக்குக் கூடாரத்திலேயே இருந்துவிடலாம்.