துண்டை விட்டுவிட்டு ஓடியவர்

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் அன்புக்குரியவர்களே, இந்தப் பனியிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

‘சாலை விபத்தில் அடிபட்டவருக்கு உதவ மக்கள் தயங்குவதற்குக் காரணம் மனிதநேயம் வற்றிப்போனதா, மனதில் இருக்கும் பயமா?’ இதுதான் தலைப்பு. பயம்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் உருக்கமாகப் பேசினார். “ரத்த வெள்ளத்தில் ஒருவன் கிடக்கிறான், சுற்றி நிற்கிற நாற்பது பேர் கையிலும் செல்போன்” என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன். ஏனென்றால் அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக வாதாட நான் வரவில்லை. ஆனால் செல்போன் வைத்திருந்த ஒரு பையனை நான் மிக அருகில் பார்த்திருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், சட்டம், கணக்கு எல்லாம் அப்புறம்.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு தை மாதம். விழுப்புரத்திலிருந்து திருச்சி போகும் நாற்கரச் சாலை. தம்பி கார் ஓட்டுகிறான், பக்கத்தில் நான். விடியற்காலை ஐந்து மணிகூட ஆகவில்லை. பின்விளக்கு எரியாமல் ஓரத்தில் நின்றிருந்த ஒரு லாரியின் பின்னால், எங்களுக்கு முன்னால் போன கார் போய்ச் செருகிக்கொண்டது. அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. இறங்கி ஓடினோம். ஓட்டிய பையன் ஸ்டியரிங்குக்கும் இருக்கைக்கும் நடுவில் மாட்டியிருந்தான், நினைவு இருந்தது. பக்கத்து இருக்கையில் ஒரு பெண், இருபது வயது இருக்கும். இடது கையின் மேல்பகுதி கிழிந்து ரத்தம் விட்டுவிட்டுப் பீறிட்டது.

எதிர்ப்பக்கம் இருந்த டீக்கடையிலிருந்து ஒருவர் ஓடிவந்தார். டீ மாஸ்டர். கையில் டீத்தூள் வாசனைகூடப் போகவில்லை. வந்ததும் அவர் முதலில் சொன்னது, “சாவியத் திருப்பி வண்டிய அணைங்க”. அடுத்தது, “கழுத்தப் புடிச்சு யாரும் இழுக்காதீங்க”. தோளில் கிடந்த துண்டை நான்காக மடித்தார். ரத்தம் வந்த இடத்தில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார். ஒருவர் சோடா கொண்டுவந்தார். “வாயில எதுவும் ஊத்தாதீங்க, பொரை ஏறிடும்” என்று அதையும் தடுத்தார்.

அப்போதுதான் நான் முதலில் சொன்ன அந்தச் செல்போன் பையன் வந்தான். செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். எனக்குச் சுள்ளென்று வந்தது. படம் பிடிக்கிறான் என்று நினைத்துத் திட்ட வாயெடுத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால், டார்ச் அடித்துக்கொண்டு நிற்கிறான், மாஸ்டருக்கு ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிவதற்காக. அவன் நண்பன் இருபதடி பின்னால் போய், வருகிற பேருந்துகளுக்குச் செல்போன் விளக்கை ஆட்டி ஆட்டி ஓரம் காட்டிக்கொண்டிருந்தான். அவன் மட்டும் அங்கே நிற்காவிட்டால் எங்கள் மேலேயே இன்னொரு வண்டி ஏறியிருக்கும்.

நான் 108-க்கு அடித்தேன். “எந்தக் கிலோமீட்டர் கல் பக்கத்துல இருக்கீங்க?” என்று கேட்டார்கள். எனக்கு எங்கே தெரியும்? அழுத்திய கையை எடுக்காமல், திரும்பிக்கூடப் பார்க்காமல், மாஸ்டர் கல்லின் எண்ணைச் சொன்னார். ஆம்புலன்ஸ் வரப் பதினேழு நிமிடம் ஆனது. பதினேழு நிமிடமும் அந்த மனிதர் கையை எடுக்கவில்லை. அந்தப் பெண்ணிடம், “கண்ணு, தூங்காத, பேசு, எந்த ஊரு நீ?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஊழியர் அழுத்திப் பிடித்துக் கட்டுப் போட்டு அந்தப் பெண்ணை இறக்கினார். பின்னாலேயே போலீஸ் ஜீப் வந்தது. இரண்டு காவலர்கள். அவர்கள் யாரையும் அதட்டவில்லை, எந்தத் தப்பும் செய்யவில்லை. “யாருங்க பார்த்தது?” என்று மட்டும் கேட்டார்கள். திரும்பிப் பார்க்கிறேன், மாஸ்டரைக் காணோம். ரத்தத்தில் ஊறிய அந்தத் துண்டு தரையில் கிடக்கிறது. ஒற்றைச் செருப்பு கிடக்கிறது. எதிரில் டீக்கடையின் தட்டி இறங்கியிருக்கிறது, உள்ளே அடுப்பு எரிகிற வெளிச்சம் தெரிகிறது.

நடுவர் அவர்களே, எதிரணியை நான் கேட்கிறேன். அந்த மனிதருக்கு மனிதநேயம் இல்லையா? ரத்தத்தைப் பார்த்து ஓடாதவர், காக்கியைப் பார்த்து ஏன் ஓடினார்?

எனக்கு அதற்குப் பதில் தெரியும். ஏனென்றால் என் அப்பா அப்படி ஓடாமல் நின்றவர்.

1994-இல், லாரி தட்டிவிட்டுப் போன ஒரு பெரியவரை அப்பா ஆட்டோவில் தூக்கிப்போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கே கேட்ட முதல் கேள்வி, “நீதான் இடிச்சியா?” போலீஸ் வரும்வரை போகக்கூடாது என்று உட்கார வைத்தார்கள். ராத்திரி முழுக்க, ரத்தக்கறைச் சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் அம்மா பதறிப்போய்த் தெருவில் நின்றாள். அதோடு முடிந்ததா? சாட்சி சம்மன். நான்கு வருடத்தில் ஆறு முறை கோர்ட்டு. ஒவ்வொரு முறையும் சம்பளமில்லாத விடுப்பு, ஒவ்வொரு முறையும் வாய்தா. கடைசியில் எங்களை உட்கார வைத்துச் சொன்னார், “எங்கயாவது ஆக்சிடென்ட் பார்த்தா நிக்காதீங்கடா, போயிட்டே இருங்க.” சொல்லிவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனவர் வெகுநேரம் உள்ளே வரவில்லை. முன்பின் தெரியாத ஒருவரை மடியில் கிடத்திக்கொண்டு போன மனிதரின் வாயிலிருந்து அந்த வார்த்தையை வரவழைத்தது எது?

சரி, இது என் வீட்டுக் கதை என்று எதிரணி சொல்லலாம். நாட்டின் கதையும் இதுதான். ஒரு ஸ்கூட்டர்காரர் கார் மோதி விழுந்தார். வழியே போன ஒருவர் தூக்கிக்கொண்டு பக்கத்து மருத்துவமனைக்கு ஓடினார். ‘இது போலீஸ் கேஸ், நாங்கள் பார்க்க முடியாது’ என்று இருபது கிலோமீட்டர் தள்ளி வேறு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. பத்திரிகையில் வந்த அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு பரமானந்த் கட்டாரா என்ற மனித உரிமை ஆர்வலர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, முதலில் உயிரைக் காப்பாற்று, சட்ட நடைமுறை பிறகு என்று 1989-இல் தீர்ப்பு வந்தது. தூக்கி வந்தவரிடம் நெஞ்சில் ஈரம் இருந்தது. கையைக் கட்டியது ‘போலீஸ் கேஸ்’ என்கிற சொல்.

2007-இல் டெல்லியில் விபத்தில் அடிபட்ட ஒரு பள்ளி மாணவன் உதவி கிடைக்காமல் இறந்தான். அவனுடைய உறவினர் பியூஷ் திவாரி அழுதுவிட்டு நிற்கவில்லை. ‘சேவ் லைஃப் ஃபவுண்டேஷன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். எதிரணி கேட்கும் அதே கேள்வியை அந்த அமைப்பும் கேட்டது: ஏன் யாரும் உதவவில்லை? 2013-இல் பல நகரங்களில் மக்களிடமே போய்க் கேட்டார்கள். நான்கில் மூன்று பேர் உதவத் தயங்குவோம் என்றார்கள். ஏன் என்றால், அப்படிச் சொன்னவர்களில் 88 சதவீதம் பேர் சொன்ன காரணம் போலீஸ் விசாரணை, மருத்துவமனையில் பிடித்து வைப்பது, கோர்ட்டு அலைச்சல். எதிரணி ஊகத்தில் பேசுகிறது நடுவர் அவர்களே. நான் அந்த மக்களின் வாயிலிருந்து வந்ததைச் சொல்கிறேன்.

அந்த அமைப்பு 2012-இல் தொடுத்த வழக்கில் 2016 மார்ச் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உதவுபவரைப் பாதுகாக்க மத்திய அரசு வகுத்த வழிகாட்டு நெறிகள் நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும் என்றது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே சேர்ந்தது. 2020-இல் விதிகள் வந்தன. என்ன சொல்கின்றன? உதவியவரின் பெயரையோ முகவரியையோ தொலைபேசி எண்ணையோ சொல்லச் சொல்லிப் போலீஸ் வற்புறுத்தக் கூடாது. மருத்துவமனை அவரைப் பிடித்து வைக்கக் கூடாது. சாட்சி சொல்வது அவர் விருப்பம். விரும்பினால் அவருக்கு வசதியான இடத்தில், வசதியான நேரத்தில் விசாரிக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு உதவும்போது தெரியாமல் ஏதாவது தவறு நேர்ந்து அடிபட்டவருக்கு ஆபத்து வந்தாலும் அவர்மேல் வழக்குப் போட முடியாது. ‘நான் தொட்டு ஏதாவது ஆயிட்டா?’ என்று கை நடுங்குகிறதே, அந்த நடுக்கத்துக்காகவே எழுதிய பிரிவு அது. மனிதநேயம் இல்லை என்றால் எந்தச் சட்டத்தாலும் அதை ஊட்ட முடியாது. பயத்தைத்தான் சட்டம் போட்டு எடுக்க முடியும். நாடாளுமன்றம் எடுக்கப் பார்த்தது எதை?

“சட்டம் வந்த பிறகும் ஏன் தயங்குகிறார்கள்?” என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் கேட்டார். நல்ல கேள்வி. இந்தப் பாதுகாப்புகளை எழுதிய பலகையை ஒவ்வொரு மருத்துவமனையும் வாசலில் மாட்ட வேண்டும், உள்ளூர் மொழியிலும் மாட்ட வேண்டும் என்பது விதி. பெரியோர்களே, அதைப் படித்தவர்கள் கொஞ்சம் கை தூக்குங்கள். மூன்று கை தெரிகிறது. இவ்வளவு பெரிய கூட்டத்தில் மூன்று. 2018-இல் அதே அமைப்பு கேட்டபோது 84 சதவீதம் பேருக்கு இப்படி ஒரு பாதுகாப்பு இருப்பதே தெரியவில்லை. தெரியாத சட்டம் எப்படிப் பயத்தைப் போக்கும்?

‘பணம் யார் கட்டுவது’ என்ற பயமும் உண்டு. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் தருகிறது. உதவுபவருக்கு மத்திய அரசு 5,000 ரூபாய் வெகுமதி அறிவித்ததும் அதே ஆண்டுதான். நல்ல நோக்கம், குறை சொல்லவில்லை. ஆனால் வெகுமதி வாங்கப் பெயர் கொடுக்க வேண்டும். பெயர் கொடுக்கத்தானே இவர்கள் பயப்படுகிறார்கள்!

2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் 17,884. நாம் இங்கே பேசிவிட்டு நாளை இதே நேரம் இதே இடத்துக்கு வருவதற்குள், நம் மாநிலத்தில் மட்டும் ஏறக்குறைய ஐம்பது பேர் என்ற கணக்கு அது. பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எவ்வளவு வேகமாக வந்தாலும் ஆம்புலன்ஸ் அந்த நிமிடங்களில் வந்து சேராது. பக்கத்தில் நிற்கிறவரின் கைதான் இருக்கிறது. அந்தக் கைகளுக்கு ஈரமில்லை என்று எதிரணி பழி சொன்னால், அவை இன்னும் பின்னால்தான் போகும்.

நடுவர் மணியைத் தொடுவது தெரிகிறது. ஒரே நிமிடம்.

அன்று நான் ஆம்புலன்ஸ் பின்னாலேயே மருத்துவமனைக்குப் போனேன். அந்தப் பெண்ணைப் பார்த்த டாக்டர் வெளியே வந்து, “முதல்ல அழுத்திப் பிடிச்சது யாரு?” என்று கேட்டார். பாராட்டத்தான் கேட்டார். சொல்ல அங்கே ஆள் இல்லை.

பதினைந்து நாள் கழித்து அதே வழியாகத் திரும்பினோம். வண்டியை நிறுத்தச் சொன்னேன். மாஸ்டர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார், தோளில் புதுத் துண்டு. என்னை அடையாளம் தெரிந்ததும் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். கிட்ட வந்து மெதுவாகக் கேட்டார்.

“அந்தப் பொண்ணு பொழைச்சுக்கிச்சாம்மா?”

பிழைத்துவிட்டாள், கையும் தப்பிவிட்டது, கார் ஓட்டிய பையனும் நடக்கிறான் என்றேன். அவர் கண் நிறைந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலை இன்னும் தாழ்த்தி அடுத்ததைக் கேட்டார்.

“என் பேரு எங்கயும் வரலியேம்மா?”

நடுவர் அவர்களே, அவருடைய முதல் கேள்வியையும் இரண்டாவது கேள்வியையும் உங்கள் முன்னால் வைத்துவிட்டேன். தீர்ப்பு உங்களுடையது. வணக்கம்.