கார்ல் புட்சர்: மண்ணடுக்கில் மனிதரைத் தேடிய புவியியலாளர்

[காட்சி: ஆற்றங்கரையில் வெட்டிய குழியின் பக்கச்சுவர்]

வணக்கம். இந்தச் சுவரைச் சற்று நெருங்கிப் பாருங்கள். அடியில் பருமணல், அதன்மேல் விரலில் மாவாக ஒட்டும் வண்டல், அதற்கும் மேலே வெடிப்பு விட்ட களிமண். ஆறு விரைந்து ஓடிய காலமும், வெள்ளம் பரந்து தேங்கிய காலமும், நீர் வடிந்து நிலம் காய்ந்த காலமும் அதே வரிசையில் இங்கே பதிந்துள்ளன. இத்தகைய அடுக்குகளைக் கொண்டு, அங்கே வாழ்ந்த மனிதர்களின் நிலத்தை மீட்டுக் காட்டியவர் கார்ல் புட்சர்.

1934இல் ஜெர்மனியில் பிறந்த அவர், சிறுவயதிலேயே குடும்பத்துடன் வெளியேறிக் கனடாவில் வளர்ந்தார். மெக்கில் பல்கலைக்கழகத்தில் கணிதமும், பின்னர் வானிலையியலும் புவியியலும் பயின்று, 1957இல் பான் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். மழையையும் ஆற்றையும் முதலில் கற்றுவிட்டுத் தொல்லியலுக்கு வந்ததே அவருடைய பலம் என்று கருதுகிறேன்.

[காட்சி: எத்தியோப்பியா, ஓமோ ஆறு]

விஸ்கான்சினில் பணியாற்றிய பின், 1966இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்று, மானிடவியல், புவியியல் ஆகிய இரு துறைகளிலும் இடம்பெற்றார். அடுத்த ஆண்டு ஓமோ ஆற்றங்கரையில் கிபிஷ் பகுதியில் மனித மண்டையோடுகள் கிடைத்தபோது, அவை எந்த அடுக்கைச் சேர்ந்தவை என்று ஆராயும் பொறுப்பு அவருடையதாயிற்று. அங்கிருந்த சிப்பி ஓடுகள் ஏறத்தாழ 1,30,000 ஆண்டுக் காலக்கணிப்பைத் தந்தன. நம் இனம் அவ்வளவு பழமையானதா என்று அன்று பலர் தயங்கினர். பிற்கால ஆய்வுகளோ அந்தக் காலத்தை இன்னும் பின்னுக்கே தள்ளியுள்ளன.

[காட்சி: நைல் வெள்ளச் சமவெளியின் வரைபடம்]

எனினும், என்னை மிகவும் ஈர்ப்பது எகிப்து பற்றி 1976இல் அவர் வெளியிட்ட நூல்தான். பெரும் பாசனத்தை நடத்த வல்லாட்சி தேவைப்பட்டது, அதிலிருந்தே அரசு பிறந்தது என்ற கருத்து அப்போது செல்வாக்குடன் இருந்தது. புட்சர் சமவெளியின் அமைப்பையே சான்றாக எடுத்துக்கொண்டார். நைலின் இயற்கையான கரைமேடுகளுக்குப் பின்னால் தாழ்நிலங்கள் தனித்தனிப் படுகைகளாகக் கிடந்தன. வெள்ளக்காலத்தில் கரையை வெட்டி நீரை உள்ளே விட்டு, தேக்கி, வடித்த பின் ஈர வண்டலில் விதைத்தால் போதும். அந்தந்த வட்டாரத்து மக்களே பார்த்துக்கொள்ளக்கூடிய வேலை அது, அரண்மனையின் ஆணைக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்று அவர் வாதிட்டார்.

1984 முதல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் பணியாற்றிய காலத்தில், மனைவி எலிசபெத்துடன் சேர்ந்து ஸ்பெயின், மெக்சிகோ ஆகிய நாடுகளின் பழைய ஆவணங்களையும் மண்ணோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஒரு நாகரிகம் சரிந்ததற்கு வறட்சியை மட்டும் காரணமாகக் காட்டிவிட முடியாது, ஆட்சியின் தளர்ச்சியையும் மக்களின் தாங்குதிறனையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று, எழுபதைக் கடந்த வயதில், 2012இலும் விரிவாக எழுதினார். 2016இல் காலமானார்.