கிரஹாம் டெய்லர்: நான்காம் டிவிஷனிலிருந்து வந்த மேனேஜர்

[திரையில்: 1970களின் லிங்கன் நகரம், தொழிற்சாலை வாசல், ஷிஃப்டுக்குப் போகும் கூட்டம்]

1972 டிசம்பர். இங்கிலாந்துக் கால்பந்து லீகின் கடைசி அடுக்கான நான்காம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த லிங்கன் சிட்டி, 28 வயதுக்காரர் ஒருவரை மேனேஜர் ஆக்கியது. பெயர் கிரஹாம் டெய்லர். அதே கிளப்பில் ஃபுல்பேக்காக, அதாவது ஓரத் தடுப்பாட்டக்காரராக, ஆடியவர்தான். இடுப்புக் காயத்தால் ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

ஆட்டக்காரராக அவர் பெரிய ஆள் இல்லை. முதலில் கிரிம்ஸ்பி டவுன், அப்புறம் லிங்கன். அன்றைய உச்ச அடுக்கான முதல் டிவிஷனில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆனால் கால்பந்துச் சங்கத்தின் பயிற்சியாளர் தகுதியை ஆடும் காலத்திலேயே வாங்கி வைத்திருந்தார். அப்பா ஸ்கன்தார்ப் நகரத்து நாளிதழில் விளையாட்டு நிருபர். ஒரு சின்ன ஊருக்கு அதன் கிளப் எவ்வளவு முக்கியம் என்பதைப் பார்த்தே வளர்ந்த பையன்.

லிங்கனில் அவர் செய்த ஒரு காரியத்தைக் கவனியுங்கள். வீரர்களை ஊரிலிருக்கும் தொழிற்சாலைகளுக்கு அழைத்துப் போனார். சனிக்கிழமை டிக்கெட் வாங்கி உள்ளே வருகிறவர்கள் அந்தக் காசை எப்படிச் சம்பாதிக்கிறார்கள் என்று வீரர்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். டெய்லரைப் புரிந்துகொள்ள இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

[திரையில்: 1975-76 புள்ளிப் பட்டியல்]

1975-76 சீசனில் லிங்கன் நான்காம் டிவிஷனை வென்றது. 46 ஆட்டங்கள், 32 வெற்றி, 4 தோல்வி, 111 கோல். வெற்றிக்கு 2 புள்ளி தந்த காலத்தில் 74 புள்ளி! இங்கிலாந்து லீகில் அந்த முறை இருந்தவரை வேறு எந்த அணியும் அதைத் தாண்டவில்லை.

1977இல் வாட்ஃபோர்டு கிளப்பின் தலைவர் அவரைக் கூப்பிட்டார். அந்தத் தலைவர் பாடகர் எல்டன் ஜான். வாட்ஃபோர்டும் அப்போது நான்காம் டிவிஷன்தான். விகாரேஜ் ரோடு மைதானத்தைச் சுற்றி நாய்ப் பந்தயத் தடம் ஓடிக்கொண்டிருந்தது. ஐரோப்பியப் போட்டியில் ஆட வேண்டும் என்றார் எல்டன். பத்து லட்சம் பவுண்டு ஆகும் என்றார் டெய்லர். சரி என்றார் எல்டன்.

ஐந்தே சீசன். 1982இல் வாட்ஃபோர்டு முதல் டிவிஷனில் இருந்தது. அங்கே முதல் வருடமே லிவர்பூலுக்கு அடுத்த இடம். அந்த சீசனில் டிவிஷனிலேயே அதிக கோல் அடித்தவர் வாட்ஃபோர்டின் லூதர் பிளிசெட், 27 கோல். இன்னொரு பக்கம் ஜான் பார்ன்ஸ் என்ற இளைஞர். சட்பரி கோர்ட் என்ற சிறிய அமெச்சூர் கிளப்பிலிருந்து வந்தவர்.

நீண்ட பாஸ்களை நம்பிய அவர் ஆட்டமுறையைப் பலர் திட்டினார்கள். அழகில்லை என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பந்தை சீக்கிரம் முன்னே அனுப்பு, எதிராளியின் பாதியிலேயே நெருக்கு, இரண்டு விங்கர்களும் தாக்கட்டும் என்ற ஆட்டம் அது. இன்று அதே நெருக்கலுக்குக் கைதட்டுகிறோம்.

லிங்கன் பழக்கமும் கூடவே வந்தது. வீரர்கள் ஊருக்குப் பக்கத்திலேயே குடியிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் போய்வர வேண்டும். ஸ்டேடியங்களில் ரவுடித்தனம் தலைவிரித்தாடிய காலத்தில், குடும்பத்தோடு வந்து உட்காரத் தனிப் பகுதி அமைத்தார்கள். எல்டன் அளவுக்கு மீறிக் குடித்தபோது, முதலாளி என்று பாராமல் முகத்துக்கு நேரே கண்டித்தார். அதற்காக எல்டன் கடைசிவரை அவரை மதித்தார்.

[திரையில்: வில்லா பார்க், பிறகு வெம்ப்ளி]

அப்புறம் ஆஸ்டன் வில்லா கிளப்: 1988இல் முதல் டிவிஷனுக்குத் திரும்பியது, 1990இல் இரண்டாம் இடம். அதே வருடம் இங்கிலாந்து அணியின் மேனேஜர் பதவி.

இங்கேதான் சறுக்கியது. 1992 யூரோவில், அதாவது ஐரோப்பிய நாடுகளின் கோப்பையில், சுவீடனிடம் 2-1 தோல்வி. அந்த ஆட்டத்தில் கேரி லினேக்கரை வெளியே எடுத்தார். இங்கிலாந்துக்காக அதிக கோல் அடித்த பாபி சார்ல்டனின் சாதனையைத் தொட லினேக்கருக்கு ஒரே கோல்தான் பாக்கி. ஒரு பத்திரிகை டெய்லர் தலையை டர்னிப் கிழங்காக்கிப் படம் போட்டது. 1993 அக்டோபரில் ராட்டர்டாமில் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். நெதர்லாந்தின் ரொனால்ட் கூமன், கோலை நோக்கி ஓடிய இங்கிலாந்தின் டேவிட் பிளாட்டை இழுத்துத் தள்ளினார். சிவப்பு அட்டை இல்லை. சில நிமிடங்களில் அதே கூமன் ஃப்ரீகிக்கில் கோல் அடித்தார். நெதர்லாந்து 2-0. உங்கள் நடுவரால் என் வேலை போகிறது என்று டெய்லர் கோட்டோரம் நின்று அதிகாரியிடம் சொன்னது கேமராவில் பதிவானது. அது அப்படியே நடந்தது. 1994 உலகக் கோப்பைக்கு இங்கிலாந்து போகவில்லை, டெய்லர் விலகினார்.

அவருக்குத் திறமை போதவில்லை என்று முடிவுகட்டுவது எளிது. என் கணிப்பு வேறு. தினமும் காலையில் வீரர்களைப் பார்ப்பது, அவர்களை ஊர் மக்களோடு பழகவிடுவது, வருடக்கணக்கில் ஓர் அணியை வளர்ப்பது. அவருடைய பலம் முழுவதும் அதில் இருந்தது. தேசிய அணி மேனேஜருக்குக் கிடைப்பதோ ஆட்டத்துக்கு முந்தைய சில நாள்கள். சில தேர்வுகளில் அவரும் தடுமாறினார், உண்மை. ஆனால் ஒரு மனிதரைக் கிழங்காக வரைந்தது விமர்சனமே இல்லை, கொடுமை.

[திரையில்: 1999 மே, வெம்ப்ளி, மஞ்சள் கொடிகள்]

அதற்கப்புறம் நடந்ததைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவர் வாட்ஃபோர்டுக்கே திரும்பினார். அணி மூன்றாம் அடுக்குக்கு இறங்கியிருந்தது. 1998இல் அந்த லீகை வென்றார்கள். 1999இல், மேலே ஏறும் கடைசி இடத்துக்கான பிளே-ஆஃப் இறுதியில் போல்டனை 2-0 என்று வீழ்த்தி, உச்ச அடுக்கான பிரீமியர் லீகுக்குள் நுழைந்தார்கள். நிக் ரைட் தலைக்கு மேலே காலைத் தூக்கி அடித்த முதல் கோலைத் தேடிப் பாருங்கள். அடுத்த வருடமே அணி கீழே இறங்கியது. ஆனாலும் கிளப் அவரை விடவில்லை. 2009இல் அதே கிளப்பின் தலைவரானார். 2014இல் ஒரு ஸ்டாண்டுக்கு அவர் பெயரை வைத்தார்கள், அவர் உயிரோடு இருக்கும்போதே.