உடைத்தால் ஓசை வர வேண்டும்

தலைப்பு: நாளைய வேளாண் தலைவர்களை உருவாக்குவது கல்லூரியா, களமும் சந்தையுமா?
‘களமும் சந்தையுமே’ அணியின் இரண்டாவது பேச்சு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மண் பரிசோதனை, வீரிய ரகம், ஏற்றுமதி விதி என்று பன்னிரண்டு நிமிடம் பொழிந்தார். “படிக்காதவர் விவசாயம் செய்யலாம், விவசாயிகளுக்குத் தலைமை தாங்க முடியாது” என்று முடித்துக் கைதட்டலும் வாங்கினார். நானும் தட்டினேன். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் எந்த ஊர் விளைபொருளின் பெயரும் அவர் வாயில் வரவில்லை.

நான் ஒரே ஒரு பொருளைப் பற்றிப் பேசுகிறேன். மஞ்சள். ஈரோடு மாவட்டத்தில் கோபிசெட்டிபாளையம் பக்கம் மஞ்சள் காட்டில் வளர்ந்தவன், வேறு எதைப் பேசுவேன்?

ஏழாம் வகுப்புப் படிக்கும்போது அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, என்னை ஈரோட்டு மண்டிக்கு அழைத்துப் போனார். வாங்க வந்த வியாபாரி ஒரு மூட்டைக்குள் கையை விட்டு, விரல் போல நீண்ட விரலி மஞ்சள் ஒன்றை எடுத்தார். காதருகே கொண்டுபோய் உடைத்தார். ‘டக்’ என்று ஓசை கேட்டது. உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பக்கத்து மூட்டையில் எடுத்தது அப்படி உடையவில்லை. வளைந்து, மனமில்லாமல் முறிந்தது. முகத்தில் எதையும் காட்டாமல் துண்டுகளை மூட்டைமேல் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். அது எங்கள் மூட்டை.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் அப்புச்சி வாயைத் திறந்தார். “மழைக்குப் பயந்து, காயப்போட்டதை இரண்டு நாள் முன்னாலேயே அள்ளிவிட்டேன் கண்ணு. அந்த ஆளுக்குத் தெரிந்துவிட்டது.”

ஈரப்பதம் அளக்கக் கருவி இருக்கிறதே என்று எதிரணியினர் முணுமுணுப்பது கேட்கிறது. இருக்கிறது. ஆனால் கருவி சொல்வது எண்ணை மட்டும். இரண்டு நாள் அவசரத்துக்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை எனக்குச் சொன்னது, அந்த வராத ஓசைதான்.

அடுத்த கேள்விக்கு வருகிறேன். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு விண்ணப்பித்தது யார்? பல்கலைக்கழகமா? இல்லை. ஈரோடு மஞ்சள் வணிகர்கள் மற்றும் கிடங்கு உரிமையாளர்கள் சங்கம். ஊர்ப் பெயருக்கே ஒரு விலை உண்டு என்பதை நாள்தோறும் மூட்டை அவிழ்த்துப் பார்த்தவர்கள் அறிந்திருந்தார்கள். விளைவித்த எங்களுக்கு அது முதலில் தோன்றவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு. அந்த வருத்தம்கூடச் சந்தையில் நின்றதால் வந்ததுதான்.

தன் பொருளின் பெருமை தெரிந்தால் மட்டும் போதாது. அதன் எல்லையும் தெரிய வேண்டும். மேகாலயத்து லக்கடாங் மஞ்சளில், மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்ற பொருள் 7 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. எங்கள் மஞ்சளில் அவ்வளவு கிடையாது. மருந்து நிறுவனத்திடம் போய் அந்த எண்ணில் போட்டி போட்டால் தோற்போம். சமையலறையிலும் மசாலா ஆலையிலும் எங்கள் மஞ்சளுக்கு இருக்கும் இடம் வேறு. எங்கே மோதுவது, எங்கே மோதாமல் இருப்பது என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் நான் தலைவர் என்பேன்.

கல்லூரி ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொன்னால் எங்கள் காட்டு மஞ்சளே என்னைப் பார்த்துச் சிரிக்கும். பி.எஸ்.ஆர். 1, பி.எஸ்.ஆர். 2 மஞ்சள் ரகங்களைத் தந்தது வேளாண் பல்கலைக்கழகத்தின் பவானிசாகர் ஆராய்ச்சி நிலையம். நன்றியோடு நட்டிருக்கிறோம். ஆனால் நம் தலைப்பு ரகங்களைப் பற்றியது அல்ல, தலைவர்களைப் பற்றியது.

இயற்கை வேளாண்மைக்காக உழைத்த நம்மாழ்வாரைக் கல்லூரி தந்த தலைவர் என்று தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டார் எதிரணித் தலைவர். ஆம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர்தான். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலையிலும் இருந்தார். அங்கே நடக்கும் சோதனை மானாவாரி விவசாயிக்கு உதவாது என்று கண்டு 1969 இல் வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராக நடந்தார். பட்டம் கொடுத்தது கல்லூரி. நாம் அறிந்த நம்மாழ்வாரைக் கொடுத்தது எது?

விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடுவை இன்றும் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பேசுவார்கள். பைசாக் கணக்கில் ஏறிய மின்கட்டணத்துக்காக 1972 இல் கோவை வீதிகளை மாட்டுவண்டிகளால் அடைத்த போராட்டம் அவருடையது. யூனிட்டுக்குச் சில பைசா கிணற்றடியில் எவ்வளவு வலிக்கும் என்பது மோட்டார் ஓட்டியவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. வேளாண் பல்கலைக்கழகமே இறுதியாண்டு மாணவர்களைக் கிராமத்தில் தங்கிப் பழக அனுப்புகிறது. நடுவர் அவர்களே, எதிரணியின் தாய்வீடே எங்கள் அணிக்கு ஆள் அனுப்புகிறது! அப்படி எங்கள் ஊருக்கு வந்த ஒரு மாணவி, மஞ்சள் வேகவைக்கும் நாளன்று கையில் நோட்டுடன் நின்றாள். எத்தனை நிமிடம் வேக வேண்டும் என்று கேட்டாள். “நிமிடம் எனக்குத் தெரியாது அம்மிணி” என்று என் அம்மா ஈர்க்குச்சி ஒன்றை அவள் கையில் கொடுத்தார். குத்திப் பார்த்தாள்; பாதியில் நின்றது. நுரை பொங்கி, ஆவியில் வாசனை மாறிய பிறகு மறுபடி குத்தினாள். தடையில்லாமல் இறங்கியது. நோட்டை மூடிவிட்டு மாலைவரை கொப்பரையடியிலேயே இருந்தாள். மறுவாரம் ஏலத்துக்கு வரலாமா என்று அவளே கேட்டாள். உருண்டைக் கிழங்குக்கும் விரலிக்கும் ஏன் வேறு வேறு விலை என்று அங்கே வியாபாரியை அவள் துளைத்த துளைப்பில், அவர் தேநீரை ஆறவிட்டுவிட்டார்.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரு நிமிடம்.

என் சட்டைப்பையில் இரண்டு விரலி மஞ்சள் இருக்கிறது. ஒன்று நன்றாகக் காய்ந்தது, மற்றொன்று அவசரத்தில் அள்ளியது. எதிரணித் தலைவரிடம் கொடுக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு உடைத்து, எது எது என்று சொல்லட்டும். சரியாகச் சொல்லிவிட்டால், எந்த வகுப்பில் கற்றுக்கொண்டார் என்று மட்டும் அவரைக் கேளுங்கள், நடுவர் அவர்களே.