கை முந்திய ஐந்தாவது நகர்வு

இளம் ஆட்டக்காரர்களே, பெற்றோர்களே!

சிறுவர் சதுரங்க அணிப் போட்டி ஒன்றில் நான்காம் பலகையில் நடந்த ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். கறுப்புக் காய்கள் எங்கள் பையனுக்கு. அணித் தலைவராக நான் பின்னால் நின்றிருந்தேன்.

வெள்ளைச் சிப்பாய் ஈ4 கட்டத்துக்கு, கறுப்புச் சிப்பாய் ஈ5-க்கு. ஆளுக்கொரு குதிரை வந்தது. வெள்ளை மந்திரி சி4-இல் அமர, பையன் இரண்டாவது குதிரையையும் இறக்கினான். இரட்டைக் குதிரைத் தற்காப்பு. உடனே வெள்ளைக் குதிரை ஜி5-க்குத் தாவியது. மந்திரி, குதிரை இரண்டின் கண்ணும் எஃப்7 சிப்பாய் மேல். அதற்கு ராஜாவை விட்டால் வேறு காவல் கிடையாது.

பையன் பதறாமல் டி5 என்று சிப்பாயைத் தள்ளி மந்திரியின் பாதையை மறித்தான். வெள்ளை அதை வெட்டியது. இதுவரை பாடத்தில் உள்ளபடிதான். அடுத்த நொடி, யோசிக்காமல், குதிரையால் திருப்பி வெட்டினான்.

எதிரே இருந்த சிறுமி பேனாவைக் கீழே வைத்தாள். அவள் குதிரை எஃப்7-இல் இறங்கியது. ராணிக்கும் யானைக்கும் ஒரே குறி. ராஜா அதை வெட்டியதும் ராணி எஃப்3-இல் செக். டி5 குதிரையைக் கைவிடாமலிருக்க ராஜா ஈ6-க்கு, பலகையின் நடுவுக்கே, நடந்துபோனது. சுமார் 400 ஆண்டுகளாக அறியப்பட்ட இந்தத் தாக்குதலுக்கு ‘வறுத்த ஈரல்’ என்று பெயர். வைத்தவர் பசியில் இருந்திருக்க வேண்டும்.

திருப்பி வெட்டாமல், மற்றக் குதிரையை ஏ5-க்கு அனுப்பி மந்திரியைத் துரத்தியிருக்க வேண்டும். ஒரு சிப்பாய் போகும். பதிலுக்குக் கறுப்புக் காய்கள் எதிரியை விரட்டியபடியே வெளியே வரும். ஆனால் சிப்பாயை விட்டுக்கொடுக்கச் சிறுவர்களுக்குக் கற்பிப்பது லேசல்ல. நானும் நான்காவது நகர்வு வரை சொல்லிக்கொடுத்துவிட்டு, “மீதி எளிதுதான்” என்று முடித்திருந்தேன்.

அணித் தலைவர் சமன் கேட்கலாம், ஏற்கலாம், தோல்வியை ஒப்புக்கொள்ளலாம் என்று மட்டுமே ஆலோசனை சொல்லலாம்; நிலையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. மற்ற மூன்று பலகைகளில் நமக்கு இரண்டு வெற்றி, ஒரு தோல்வி. அவன் சமன் செய்திருந்தால்கூடப் போதும். தோற்றான், 2-2 ஆனது.

அன்று மாலை பலகையை விரித்தோம். “போன சிப்பாயை எப்போது திரும்ப எடுப்பது?” என்று கேட்டான். “எடுக்காமலே ஆடிப் பார்” என்றேன். நம்பாமல் முறைத்தான்.

இரண்டு சுற்று கழித்து மறுபடி கறுப்பு, மறுபடி அதே குதிரைப் பாய்ச்சல். டி5 சிப்பாய் வெட்டுப்பட்டதும் அவன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.