அரைச் சுற்று

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்குப் பழைய புல்லட் மோட்டார் சைக்கிளின் கிளட்சைப் பற்றி, அதாவது எஞ்சினின் ஓட்டத்தைக் கியர்பாக்ஸோடு சேர்த்தும் பிரித்தும் விடுகிற பாகத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த அந்த வண்டிகளில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. அப்பாவின் புல்லட் 350 அந்த வகைதான். இன்றும் அதை நான்தான் ஓட்டுகிறேன்.

ஒருமுறை ஏற்காடு மலைப்பாதையில் அது நின்றுவிட்டது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் எஞ்சின் அலறுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. கிளட்ச் பிடிக்காமல் ஸ்லிப் ஆகிறது என்று ஊருக்குக் கொண்டுவந்து ஒரு ஒர்க்‌ஷாப்பில், அதற்குள் ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்கும் பிளேட்டுகளை மாற்றினோம். இரண்டே மாதத்தில் அதே கோளாறு. மறுபடி பிளேட், மறுபடி செலவு. மூன்றாவது முறை ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் கிளட்ச் பக்கமே போகவில்லை. வண்டியின் வலப்பக்கம் உட்கார்ந்து, கியர்பாக்ஸ் மேல் இருக்கும் சின்ன மூடியைக் கழற்றினார்.

கிளட்ச் இருப்பது இடப்பக்கம். அதை விலக்கும் ஏற்பாடு இருப்பது வலப்பக்கம். கியர்பாக்ஸின் முக்கியத் தண்டு உள்ளே குழாய்போல இருக்கும். அதற்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது. நாம் கையில் லீவரைப் பிடித்தால் கேபிள் வலப்பக்கத்துக் குட்டி லீவரை இழுக்கும். குட்டி லீவர் கம்பியைத் தள்ளும். கம்பி இடப்பக்கம் போய், பிளேட்டுகளை அழுத்திப் பிடித்திருக்கும் பிரஷர் பிளேட்டை விலக்கும். அந்தக் குட்டி லீவரில் ஒரு ஸ்க்ரூவும் லாக் நட்டும் உண்டு. ஸ்க்ரூவுக்கும் கம்பிக்கும் நடுவே நூலளவு இடைவெளி இருந்தே ஆக வேண்டும்.

பிளேட் தேயத் தேய, பிரஷர் பிளேட் உள்வாங்கிக் கம்பியை வலப்பக்கமாகத் தள்ளுகிறது. அதனால் இடைவெளி தானாகவே குறைந்துகொண்டு வரும். முழுக்கப் போய்விட்டால், லீவரை விட்ட பிறகும் கம்பி முட்டிக்கொண்டே நிற்கும். பிளேட்டுகள் முழுசாகப் பிடிக்காமல் உரசிச் சூடாகும். புதுப் பிளேட் போட்டபோதும் அந்த ஸ்க்ரூவை யாரும் சரிபார்க்கவில்லை. என் வண்டியில் நடந்தது அதுதான்.

அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் கேபிளை நன்றாகத் தளர்த்தினார். லாக் நட்டை இளக்கி, கம்பியில் தொடும்வரை ஸ்க்ரூவை விரல் பலத்திலேயே உள்ளே திருப்பினார். தொட்டதும் அரைச் சுற்றுப் பின்னால் எடுத்தார். ஸ்க்ரூ நகராமல் ஸ்க்ரூடிரைவரால் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்கினார். அதற்கு அப்புறம்தான் கேபிளுக்கு வந்தார். கை லீவரில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் லூஸ் விட்டார். இந்த வரிசை மாறக்கூடாது. எல்லாவற்றையும் கேபிளிலேயே இழுத்துச் சரிசெய்தால் குட்டி லீவர் தப்பான கோணத்தில் நின்றுவிடும். அப்போது லீவரை முழுக்கப் பிடித்தாலும் கிளட்ச் முழுசாக விலகாது. கியர் கரகரக்கும், சிக்னலில் நியூட்ரல் விழாது.

இதற்குப் பிறகும் ஸ்லிப் இருந்தால்தான் இடப்பக்கம் திறக்க வேண்டும். அங்கே கிளட்ச் இருக்கும் பெட்டிதான் பிரைமரி கேஸ்; அதன் மூடியை நடுவில் ஒரே நட்டு பிடித்திருக்கும். ஆயில் ஒழுகுகிறது என்று அதை மிதமிஞ்சி இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். மூடி நெளிந்து இன்னும் ஒழுகும்; சீலை மாற்றுவதுதான் வழி. உள்ளே இரும்புப் பிளேட்டுகளை ஒவ்வொன்றாக ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வையுங்கள். ஆடினால் நெளிந்திருக்கிறது என்று அர்த்தம். பிளேட்டுகள் உட்காரும் டிரம்மின் பள்ளங்களில் பிளேட்டின் பற்கள் பட்டுப் பட்டு வெட்டு விழுந்திருக்கும். விரல் நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும். லேசாக இருந்தால் அரத்தால் சமப்படுத்தலாம், ஆழமாக இருந்தால் டிரம்மை மாற்றத்தான் வேண்டும். ஸ்பிரிங்குகளை நிற்கவைத்து உயரம் ஒப்பிடுங்கள். ஒன்று குட்டையாக இருந்தாலும் செட்டாகவே மாற்றுங்கள். மாட்டிய பிறகு, மூடுவதற்கு முன் ஒருவரை லீவரைப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். பிரஷர் பிளேட் எல்லாப் பக்கமும் ஒரே அளவு எழும்ப வேண்டும்.

பிரைமரி கேஸில் கார் ஆயிலை ஊற்றாதீர்கள், தயவுசெய்து. எஞ்சின் உராய்வைக் குறைக்க அதில் சேர்க்கிற சரக்கு, ஆயிலில் நனைந்து ஓடும் கிளட்சை வழுக்க வைத்துவிடும்.

என் பிளேட்டுகள் எரிந்துபோகவில்லை, மேலே பளபளப்பு ஏறியிருந்தது, அவ்வளவுதான். அடுத்த நாள் பிரைமரி கேஸ் மூடியைத் திறந்து, எமரி ஷீட்டைக் கண்ணாடிமேல் விரித்துத் தேய்த்து அவற்றையே மாட்டினோம். காலையில் வண்டியை எடுக்கும்போது, சாவி போடுவதற்கு முன் கிளட்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை கிக்கரை மிதிக்கச் சொன்னார் அவர். ராத்திரி முழுக்க ஆயிலில் ஒட்டிக் கிடந்த பிளேட்டுகள் அப்போது பிரியும். அதே மாதம் மறுபடி ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் எங்கும் நிற்காமல் ஏறியது.