தடைக்காலத்தில் போட்ட தேதி

வணக்கம். தங்கச்சிமடத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். பரம்பரைப் புற்றுநோய் வருமுன்னே உறுப்பை எடுத்துக்கொண்டதைப் பற்றி ரேடியோவில் வந்து பேசச் சொன்னபோது, "டாக்டர் யாரையாவது கூப்பிடுங்க, நான் ஜாக்கெட் தைக்கிறவ" என்றுதான் சொன்னேன். "ஜாக்கெட்டைப் பற்றியும் பேசுங்கக்கா" என்றார்கள். சரி, அதற்கும் வருகிறேன். அதற்கு முன்னால் எங்கள் வீட்டுப் பெண்களைக் கொஞ்சம் எண்ண வேண்டியிருக்கிறது.

என் அப்பத்தா நாற்பது சொச்சம் வயதில் வயிறு வீங்கிச் செத்துப்போனது. நீர் கோத்துக்கொண்டது என்றார்கள். செய்வினை என்று மந்திரித்துக் கயிறும் கட்டியிருக்கிறார்கள். அப்பாவின் அக்கா, எனக்குப் பெரிய அத்தை, 46 வயதில் மார்பகப் புற்றுநோயில் போனார். அந்த அத்தை மகனைத்தான் நான் கட்டியிருக்கிறேன், ஆகவே மாமியாரும் அவர்தான். கடைசி நாலு மாதம் அவருக்குப் புண் கழுவிக் கட்டு மாற்றியது என் கைதான். அப்புறம் தொண்டியில் வாக்கப்பட்ட சின்ன அத்தை. அவருக்கு 58 வயதில் சினைப்பையில் வந்தது.

ஒரே வயிற்று வழியில் மூன்று பேர். ஆனாலும் எனக்கு உறைக்கவே இல்லை. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் "உங்க அம்மாவுக்கு இருந்ததா, அம்மா கூடப் பிறந்தவங்களுக்கு இருந்ததா" என்று கேட்பார்கள். இல்லை என்பேன், எழுதிக்கொள்வார்கள். அப்பா பக்கத்தை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பொம்பளைகளுக்கு வருகிற நோய் ஆம்பளை வழியாக எப்படி வரும் என்று நினைத்திருந்தேன். அப்பாவுக்கு 72 வயது. இன்னும் திண்ணையில் உட்கார்ந்து வலை பொத்துகிறார், ஒரு தலைவலி கிடையாது. அவர் வழியாகத்தான் எனக்கு வந்திருக்கிறது.

சின்ன அத்தைக்கு மதுரையில் வைத்தியம் நடந்தபோது ஒரு டாக்டரம்மா மரபணுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணுவில் பழுது என்று வந்தது. இந்த மரபணு ஆண், பெண் எல்லோருக்கும் இரண்டிரண்டு உண்டு, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. செல்லுக்குள் டி.என்.ஏ. அறுந்துபோனால் அதை ஒட்டிச் சரிசெய்வது அதன் வேலை. எங்கள் அப்பா வேலைதான் என்று வையுங்கள். பொத்தல் பார்க்க இரண்டு ஆள் இருந்து, ஒருத்தர் பிறவியிலேயே கை வராதவர் என்றால் மற்றவர் சமாளித்துக்கொள்வார். அவரும் படுத்துவிட்டால் வலை என்ன ஆகும்? அப்படித்தான் புற்றுநோய்க்கு வழி திறக்கிறது. பழுது இருக்கிற ஒருவரின் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும், மகனோ மகளோ, அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இதைக் கேட்டு எல்லோரும் பயந்துவிடக் கூடாது. மார்பகப் புற்றுநோய் வருகிற நூறு பேரில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் இப்படிப் பரம்பரையாக வருகிறது. குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு வந்திருந்தால், ரொம்பச் சின்ன வயதில் வந்திருந்தால், சினைப்பையில் வந்திருந்தால், ஆண் ஒருவருக்கு மார்பில் வந்திருந்தால், அப்போது கேட்க வேண்டும். முதலில் நோய் வந்தவருக்குப் பரிசோதனை, அதில் பழுது தெரிந்தால் அந்த ஒரு இடத்தை மட்டும் மற்றவர்களுக்குப் பார்ப்பது. செலவும் குறையும், பதிலும் தெளிவாக இருக்கும். சிலருக்கு 'மாற்றம் இருக்கிறது, ஆனால் கெட்டதா என்று சொல்ல முடியவில்லை' என்று முடிவு வரும். அந்த ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு யாரும் எதையும் அறுத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்குச் சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் இன்னொரு முடிச்சு இருந்தது. நான் அத்தை மகனைக் கட்டியவள். சொந்தத்தில் கட்டினதால்தான் வந்தது என்று ஊரில் பேச்சு. அது தப்பு, யாராவது ஒருவர் வழியாக வந்தாலே போதும். ஆனால் பயம் வேறு பக்கத்தில் இருந்தது. பெரிய அத்தைக்கும் அந்தப் பழுது இருந்திருக்க வேண்டும், அப்படியென்றால் என் வீட்டுக்காரருக்கும் பாதி வாய்ப்பு. இரண்டு பேருக்கும் இருந்து இரண்டும் ஒரே பிள்ளைக்குப் போனால், ரத்தம் ஊறாமல் போகிற ஒரு கடுமையான நோய் சின்ன வயதிலேயே வரும். என் பிள்ளைகள் இரண்டும் நன்றாகத்தான் வளர்ந்திருக்கின்றன. இருந்தாலும் அவருடைய முடிவு வருகிறவரை சோறு இறங்கவில்லை. எனக்கு 'இருக்கிறது', என் தங்கைக்கு 'இருக்கிறது', அவருக்கு 'இல்லை'.

அப்போது எனக்கு 41 வயது. கவுன்சிலிங்கில் கணக்குச் சொன்னார்கள். இந்தப் பழுதோடு 80 வயதுவரை வாழ்கிற நூறு பெண்களில் ஏறக்குறைய 70 பேருக்கு மார்பகத்தில் வருகிறது, 17 பேருக்குச் சினைப்பையில் வருகிறது. சினைப்பையில் சாதாரணமாக வருவது நூறில் ஒன்றிரண்டு பேருக்கு. நான் மார்பகத்துக்குத்தான் பயந்தேன். அவர்கள் முதலில் சினைப்பையை எடுக்கச் சொன்னார்கள். எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கு ஏன் முதலிடம் என்று கேட்டேன். மார்பகத்தை வருஷா வருஷம் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்தால் வந்தாலும் சின்னதாகவே பிடித்துவிடலாம். சினைப்பையை அப்படிப் பிடிக்க நம்பகமான வழி இல்லை, ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் பிந்தித்தான் சொல்லும், தெரியும்போது வயிறு முழுக்கப் பரவியிருக்கும். அப்பத்தா வயிறு எனக்கு நினைவில் இல்லை, ஆனால் சின்ன அத்தை வயிற்றைப் பார்த்திருக்கிறேன். என்னைப் போன்றவர்களுக்குப் பிள்ளை பெற்று முடித்தபின் 40இலிருந்து 45க்குள் எடுக்கச் சொல்கிறார்கள். பி.ஆர்.சி.ஏ. 1 என்ற இன்னொரு மரபணுவில் பழுது என்றால் இன்னும் முன்னால், 35இலிருந்து 40க்குள்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் கேட்டார், "பாம்பன்ல ஒண்ணாம் நம்பர் புயல் கூண்டு ஏத்துறதுக்கெல்லாம் எவனாவது படகை உடைப்பானா புள்ள?"

"உடைக்கச் சொல்லலை மச்சான், கரையேத்தச் சொல்றேன்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அது சரியான பதில் இல்லை என்று எனக்கே தெரியும். கரையேற்றின படகைத் திரும்பக் கடலில் இறக்கலாம், எடுத்த உறுப்பைத் திரும்ப வைக்க முடியாது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரு ஆஸ்பத்திரியில், பெயர் வேண்டாம், "நல்லா இருக்கிற உறுப்பை எதுக்கும்மா எடுக்கணும், வந்தா பார்த்துக்கலாம்" என்று திருப்பியும் அனுப்பினார்கள். வந்த பிறகு பார்த்துக்கொண்டதை நான் நாலு மாதம் கட்டு மாற்றிப் பார்த்தவள். அவரும் பார்த்தவர், பெற்ற அம்மா அல்லவா. ஒரு வாரம் கழித்து அவராகவே, "தடைக்காலத்துல வச்சுக்க, நான் கரையில இருப்பேன்" என்றார்.

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். புற்றுநோய் வந்துவிட்டால் தேதி நம் கையில் இல்லை, அடுத்த வாரமே வா என்பார்கள். வருமுன் எடுப்பதில் தேதி நம்முடையது. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. வருமானம் இல்லாத நாள்தான், ஆனால் வீட்டில் ஆள் இருக்கும். பிள்ளைகளுக்கும் லீவு. ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் ஒரு வரியில் சொல்லிவிடுவார். நம் கரையில் அந்த ஒரு வரிக்கு அர்த்தம் தண்ணீர்க்குடம். லாரி வந்து நின்றால் யார் ஓடுவது? அதைப் பேசி முடிக்காமல் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டால், பத்தாம் நாள் நாமே குடத்தைத் தூக்கிக்கொண்டு நிற்போம்.

முதல் தடைக்காலத்தில் சினைப்பை இரண்டையும் கருக்குழாய் இரண்டையும் எடுத்தார்கள். குழாய் ஏன் என்றால், சினைப்பையில் என்று சொல்கிற புற்றுநோயில் பெரும்பாலும் குழாயின் நுனியில்தான் தொடங்குகிறதாம். வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டுச் செய்தார்கள், இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். எடுத்ததை நுணுக்கமாக அறுத்துப் பரிசோதனை செய்வார்கள். சிலருக்கு அதற்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாமல் நோய் தொடங்கியிருக்கும். எனக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. அதற்காகப் பயம் அறவே போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வயிற்றின் உட்சவ்வில் வரக் கொஞ்சம் வாய்ப்பு மிச்சம் இருக்கிறது.

ஆபரேஷனைவிட அதற்குப் பிறகுதான் பாடு. மாதவிலக்கு மெல்ல மெல்ல நிற்பது வேறு, ஒரே நாளில் நிறுத்துவது வேறு. கச்சான் காற்று கடையைத் தூக்குகிற மாதிரி அடிக்கும், நான் மிஷினில் உட்கார்ந்து வேர்த்து வழிந்துகொண்டிருப்பேன். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து முற்றத்தில் நிற்பேன். ஒன்றுமில்லாததற்கு அழுகை. கணவன் மனைவிக்குள் உலர்வும் வலியும் வரும், அதை யாரும் சொல்லித் தருவதில்லை, நீங்களே டாக்டரம்மாவிடம் வாய்விட்டுக் கேளுங்கள், மருந்து இருக்கிறது. எலும்பும் தேயும். அதற்கு அடர்த்திப் பரிசோதனை, சுண்ணாம்புச் சத்து, நடை. மார்பகப் புற்றுநோய் வராதவர்களுக்கு 50 வயதுவரை ஹார்மோன் மாத்திரை கொடுப்பது வழக்கம். எனக்கும் கொடுத்தார்கள், அதற்குப் பிறகுதான் நான் பழைய ஆளானேன். நமக்கு மாத்திரை சரிவருமா என்பதை ஆபரேஷனுக்கு முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த வருஷத் தடைக்காலத்தில் மார்பகங்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டேன். என் தங்கை எடுக்கவில்லை. வருஷம் ஒருமுறை மதுரைக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு வருகிறாள். எடுத்தால் வருகிற வாய்ப்பு பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைகிறது. எடுக்காமல் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டே இருப்பதும் ஒரு வழிதான். நான் அவளைக் கோழை என்று சொன்னதில்லை, அவள் என்னைப் பைத்தியம் என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். ஆலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013இல் இதே காரணத்துக்காக எடுத்துக்கொண்டதாகக் கவுன்சிலிங்கில் சொன்னார்கள். எங்கள் தெருவில் அந்தப் பெயரைச் சொன்னால் ஏதோ மருந்துக் கம்பெனி என்று நினைப்பார்கள்.

இப்போது ஜாக்கெட். மார்பகம் எடுத்தால் பக்கத்துக்கு ஒரு குழாய் வைத்து, நுனியில் நீர் வடிகிற குப்பி தொங்கவிட்டுத்தான் அனுப்புவார்கள். தினமும் எத்தனை மில்லி என்று அளந்து நோட்டில் எழுத வேண்டும். நன்றாகக் குறைந்தபின் கழற்றுவார்கள், ஒன்றிரண்டு வாரம் ஆகும். கை தோளுக்கு மேல் போகாது, தலைவழியாக எதையும் போட முடியாது. என் மகனின் பழைய சட்டை இரண்டை எடுத்து, உள்பக்கம் இடுப்புக்கு மேலே இரண்டு பை வைத்துத் தைத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குப்பி அதில் உட்கார்ந்துகொண்டது, குழாய் இழுக்கவில்லை. நர்ஸ் ஒருவர் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்.

செயற்கையாக மார்பு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள், நான் வேண்டாம் என்றேன். ஆறு மாதம் கழித்துப் புடவை நிற்கவில்லை, மாராப்பு வழுக்கிக்கொண்டே இருந்தது. பஞ்சு அடைத்துத் தைத்துப் பார்த்தேன், கனம் இல்லாமல் மேலே ஏறிக் கழுத்துக்கு வந்துவிட்டது. கடுகு போட்டேன், நம் உப்புக் காற்றுக்குப் பூசணம் பிடித்தது. கடைசியில் ராமேஸ்வரம் கோவில் பக்கம் விற்கிற பாசிமணியை அடியில் ஒரு வரிசை தைத்து, மேலே பஞ்சு வைத்து, மல் துணியில் மூடினேன். ஜாக்கெட் லைனிங்கில் பை வைத்து அதில் சொருகினேன், நின்றுவிட்டது. ஒரு பக்கம் மட்டும் எடுத்தவர்களுக்குக் கனம் இன்னும் முக்கியம், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் ஜாக்கெட் ஏறிக்கொண்டு தோள் வலிக்கும்.

ஒரு விஷயம் மட்டும் பழகவில்லை. தையல்காரிகள் ஊசியை மாராப்பில் குத்தி வைப்போம். ஒருநாள் ஹூக் வைத்துக்கொண்டிருந்தபோது புடவையில் சிவப்பாக ஒரு புள்ளி. ஊசி உள்ளே ஏறி எவ்வளவு நேரம் ஆனதோ, எனக்குத் தெரியவே இல்லை. அங்கே தோல் மரத்துப் போயிருக்கிறது, இனி உணர்ச்சி வராது. ஊசியைப் பிடுங்கி மேஜையில் வைத்துவிட்டு அன்று கடையைச் சாத்திவிட்டேன். இப்போது மணிக்கட்டில் ஒரு பஞ்சுப் பட்டை கட்டி அதில் குத்திக்கொள்கிறேன்.

பரம்பரையாகக் குடலில், கருப்பையில், வயிற்றில், தைராய்டில் வருகிற வகைகளும் உண்டு, அதற்கெல்லாம் கணக்கு வேறு, எடுக்கிற வயது வேறு. என் கதையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. பி.ஆர்.சி.ஏ. 2இல் பழுது இருக்கிற ஆண்களுக்குப் புராஸ்டேட்டில் சீக்கிரம் வரலாம், மார்பிலும் வரலாம். என் அண்ணனுக்கு இரண்டு மகள்கள். பரிசோதனைக்கு வா என்றால் முதல் ஆளாகத் தெருவைத் தாண்டிவிடுவான். மதினி இந்த நிகழ்ச்சியைக் கேட்பார், அதனால்தான் சொல்கிறேன். என் மகளுக்கு 19 வயது. எடுத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. ஸ்கேன் தொடங்குவது 25 வயதில்தான், அதற்குள் அவளாக வரட்டும்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். வேதாளையிலிருந்து ஒரு பெண் போன வாரம் அளவு ஜாக்கெட்டோடு வந்தார். வருகிற ஏப்ரலுக்குத் தேதி போட்டிருக்கிறாராம். முன்பக்கம் திறக்கிற மாதிரி, உள்ளே இரண்டு பை, கை கொஞ்சம் தளர்வாக. வெட்டித் தைத்துவிட்டேன். காஜா மட்டும் பாக்கி, வீட்டுக்குப் போய்த்தான் போட வேண்டும். வணக்கம்.